நாலு மூலையிலும் மஞ்சள்

என் வீட்டுக்காரருக்கு எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் வார்னிஷ் அடிக்கத் தோன்றும். கல்யாணமான புதிதில் எனக்கு இது தெரியாது. படக்கடையில் வேலை, பீடி சிகரெட் கிடையாது, அதிர்ந்து பேச மாட்டார் என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். நான் வந்து ஒரு மாதத்துக்குள் என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தின் அட்டை, பஞ்சாங்கத்தின் மேலட்டை, சமையலறையில் ஒட்டியிருந்த லட்சுமி படம், துணிக்கடையில் இலவசமாகக் கொடுத்த அட்டை விசிறி எல்லாம் பளபளவென்று ஆகிவிட்டன. விசிறியை வீசினால் காற்றோடு ஸ்பிரிட் வாசனையும் சேர்ந்து வந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. கடை தேரடிப் பக்கம் இருந்தது. சாமி படங்கள் சிவகாசியிலிருந்து கட்டுக் கட்டாக, வெறும் அச்சாக வந்து இறங்கும். அவற்றுக்குப் பூச்சு போட்டு, அட்டையில் ஒட்டி, சட்டம் அடித்து விற்பார்கள். பூச்சு போடுவதுதான் இவர் வேலை. முதலில் மைதாக் கஞ்சியை நீர்க்கக் காய்ச்சித் துணியில் தொட்டுப் படம் முழுவதும் தடவ வேண்டும். அது காய்ந்த பிறகு, ஸ்பிரிட்டில் ஊறவைத்த அரக்கைத் தட்டைப் பிரஷ்ஷால் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். கஞ்சி இல்லாமல் இழுத்தால் சாதாரணக் காகிதம் வார்னிஷை அப்படியே குடித்துவிட்டு, வடை சுற்றிய பேப்பர் மாதிரி ஆகிவிடுமாம். இழுத்து முடித்ததும் படத்தைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிச் சாய்த்து வெளிச்சத்தில் பார்ப்பார். மேடு பள்ளம், பிரஷ் கோடு எல்லாம் நேராகப் பார்த்தால் தெரியாது, சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும் என்பார். வீட்டில் சாப்பிடும் தட்டைக்கூட அப்படிச் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பார். தேய்த்துக் கழுவிய என்னைச் சந்தேகப்படுகிறார் என்று ஆரம்பத்தில் எனக்குக் கோபம் வரும்.

அதிகம் பேசாதவர். ஆனால் வார்னிஷ் என்று வந்துவிட்டால் நிறுத்த முடியாது. எந்த மைக்கு எது ஆகும், எது ஆகாது என்று ஒரு கணக்கு வைத்திருந்தார். 

"அச்சு மைக்குத் தண்ணி, ஸ்பிரிட்டு ரெண்டுமே பயம் கெடையாது. பேனா மை இருக்குது பாரு, அதுக்குத் தண்ணிதான் ஆகாது, கஞ்சி பட்டா ஊறிடும். ஸ்பிரிட்டு அத ஒண்ணும் பண்ணாது. சீலு, மஞ்சள் ரெண்டும் ஸ்பிரிட்டு பட்டா ஓடிடும். அதுக்கு மேல மட்டும் கெட்டியா கஞ்சி வச்சுக் காய விட்டுட்டு அடிக்கணும்." 

இதை எனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று தெரியாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

எனக்கு ஒரு தங்கை இருந்தாள். என்னைவிட நாலு வயது சின்னவள். அடி அண்ணாமலையில் எங்கள் வீடு. வேர்க்கடலையும் கொஞ்சம் நெல்லும் போடுகிற குடும்பம். நான் டவுனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு, பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் மலை சுற்றுகிற பாதையிலேயே நடந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு, "காபி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவாள். சௌக்கியமா என்றெல்லாம் கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

ரேஷன் கார்டு கூத்து நடந்தபோது அவள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். புது கார்டு. மடிப்பில் கிழிந்துவிடும் என்று இவர் கவலைப்பட்டு, சீல் இருந்த இடத்தில் கஞ்சி வைத்து, மாதக் கட்டங்கள் உட்பட முழுக்க வார்னிஷ் அடித்துக் கொண்டுவந்துவிட்டார். நானும் தங்கையும் சர்க்கரை வாங்கப் போனோம். கடைக்காரர் கட்டத்தில் எழுதப் பார்த்தால் பேனா வழுக்குகிறது. மை முத்து முத்தாக நிற்கிறது. ஊதிப் பார்த்தார், துடைத்துப் பார்த்தார். 

"இன்னாம்மா இது, கார்டா கண்ணாடியா?" என்றார். "எழுத முடியலன்னா சக்கர தர முடியாது. எடுத்துக்கினு போ."

வழியெல்லாம் தங்கை சிரித்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து சர்க்கரை இல்லாத காபியைக் குடித்துக்கொண்டே இவரைப் பார்த்து, "மாமா, எங்க அக்கா மேல கஞ்சி தடவிட்டீங்களா, இனிமேதானா?" என்று கேட்டாள். இவருக்குக் காது சிவந்துவிட்டது. இரண்டு நாள் உட்கார்ந்து, கட்டங்களின் மேலிருந்த வார்னிஷை மட்டும் பிளேடால் சுரண்டி எடுத்தார்.

அவளுக்கும் இவருக்கும் நல்ல ஒட்டுதல். நிச்சயதார்த்தத்துக்கு வந்தபோதே மச்சினிக்கு என்று ஒரு பால் பாயின்ட் பேனா வாங்கி வந்திருந்தார். அப்போது அதெல்லாம் அதிசயம். பால் பாயின்டில் எழுதினால் கையெழுத்து கெட்டுப்போகும் என்று பள்ளிக்கூடத்தில் தொடவே விட மாட்டார்கள். அதனால் பள்ளியில் மைப் பேனா, வீட்டில் மாமா கொடுத்த பேனா என்று வைத்துக்கொண்டாள். மைப் பேனா மாதிரி இது தானாக எழுதாது, அழுத்த வேண்டும் என்று அவளாக முடிவு செய்துகொண்டு, கையால் கொத்துகிற மாதிரி எழுதுவாள். பேப்பரைத் திருப்பித் தடவினால் எழுத்து விரலில் தட்டுப்படும்.

என் கல்யாணப் பத்திரிகை டவுனில் அடித்து வந்ததும், எல்லாவற்றுக்கும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியவள் அவள்தான். மஞ்சளைக் குழைத்து வைத்துக்கொண்டு, சுட்டுவிரலால் தொட்டுத் தொட்டு ஒரு பகல் முழுக்கச் செய்தாள். கடைசியில் மிஞ்சிய ஒன்றை எடுத்து, கீழே காலியாக இருந்த இடத்தில் அந்தப் பேனாவால் எழுதி, நான் புகுந்த வீட்டுக்குக் கொண்டுபோகிற டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்திருந்தாள். வந்து மூன்றாம் நாள்தான் பார்த்தேன்.

"அக்கா, அந்த வீட்டில் காபிக்குச் சர்க்கரை கம்மியாகப் போட்டால் எனக்கு ஒரு கார்டு போடு. நான் வந்து கேட்கிறேன். உன் பச்சைத் தாவணியை நான் எடுத்துக்கொண்டேன். தேடாதே."

தேடாதே என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள். அந்தத் தாவணியை நான் ஏற்கெனவே இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். திருட்டுக் கழுதை என்று திட்டிவிட்டுத் தனியாகச் சிரித்தேன்.

இரண்டு வருடம் கழித்து அவள் காய்ச்சலில் போய்விட்டாள். ஐந்தே நாள். முதல் நாள் வெறும் தலைவலி என்றார்கள். நான்காம் நாள் என்னை அழைத்துப் போனபோது அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது, எழுதவும் வேண்டாம்.

அவளுக்கென்று எடுத்த போட்டோ ஒன்று இல்லை. என் கல்யாணப் படத்தில் இருக்கிறாள். ஆனால் படம் பிடிக்கிற நேரத்தில் யாரையோ திரும்பிப் பார்த்துவிட்டாள். ஒரு காதும் பின்னலும்தான் தெரியும். பள்ளிக்கூட நோட்டுகள் ஒரு சாக்கு இருந்தன. பார்க்கப் பார்க்க அம்மா சோறு தின்ன மாட்டேன் என்கிறாள் என்று அப்பா அவற்றைப் பழைய பேப்பராகப் போட்டுவிட்டார். நான் கேட்டுப் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மிஞ்சியது என்னிடம் இருந்த அந்தக் கல்யாணப் பத்திரிகை ஒன்றுதான்.

அப்பா போட்ட நோட்டுகள் எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். மலை சுற்றுகிற பாதையில் வேர்க்கடலை, சுண்டல் விற்பவர்கள் பள்ளி நோட்டுத் தாளில்தான் பொட்டலம் மடிப்பார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி போய் வாங்கினேன். கடலையைத் தின்றேனோ இல்லையோ, பொட்டலத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். யார் யாரோ எழுதிய கூட்டல் கணக்கு, யார் யாரோ வரைந்த தவளைப் படம். அவள் எழுத்து மட்டும் வரவே இல்லை. நான் கீழே போட்ட தாள்களை இவர் பின்னாலேயே வந்து பொறுக்கி, ஒருமுறை பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

பத்திரிகையை எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். வேலையெல்லாம் முடிந்ததும் எடுப்பேன், படிப்பேன், உள்ளங்கையால் தடவுவேன், வைப்பேன். கெட்டி அட்டைதான், ஆனாலும் எத்தனை நாள் தாங்கும். நடு மடிப்பு நூல் நூலாகப் பிரிய ஆரம்பித்தது. ஓரங்கள் என் கை வியர்வையில் கறுத்தன. ஒருநாள் இவர், "கைய கழுவிட்டு எடுக்கக் கூடாதா?" என்று கேட்டார். நான் முறைத்த முறைப்பில் வெளியே போய்விட்டார்.

அவளுடைய முதல் வருடத் திதி வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் புத்தகத்தைத் திறந்தால் பத்திரிகை இல்லை. 

தலையணை உறை, அரிசிப் பானை என்று எங்கெல்லாமோ தேடினேன். சாயங்காலம் இவர் வந்தார். எப்போதும் வந்தவுடன் கிணற்றடிக்குப் போய்க் கை கழுவுகிறவர், அன்று கழுவாமல் வந்து என் முன்னால் உட்கார்ந்தார். ஒரு துணிப் பொட்டலத்தைக் கீழே வைத்தார்.

"அழிச்சிட்டேன்" என்றார்.

பிரித்துப் பார்த்தேன். பத்திரிகையைக் கெட்டி அட்டையில் ஒட்டியிருந்தார். மடிப்பு இருந்த இடமே தெரியவில்லை. பிள்ளையார் சுழி, எங்கள் இரண்டு பேர் பெயர், முகூர்த்த நேரம், தங்கள் நல்வரவை விரும்பும் என்பது வரை ஒவ்வொரு அச்செழுத்தும் நேற்று அடித்தது மாதிரி இருந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் கொஞ்சம்கூடக் கலையாமல் இருந்தது. கீழே அவள் எழுதிய இடத்தில் நீலமாக ஒரு மேகம்தான் இருந்தது. பிரஷ் போன பக்கமெல்லாம் அதுவும் போயிருந்தது.

திதிக்கு எனக்குத் தெரியாமல் செய்து கொடுக்கலாம் என்று நினைத்திருக்கிறார். கடையிலேயே உசத்தியான வெள்ளை அரக்கை முந்தின நாளே ஊறப் போட்டிருக்கிறார். கெட்டி அட்டை வார்னிஷைக் குடிக்காது, கையெழுத்தோ கஞ்சி பட்டால் ஊறிவிடும் என்று முழுக்கக் கஞ்சி தடவாமல் விட்டிருக்கிறார். மஞ்சளுக்கு ஸ்பிரிட் ஆகாது என்று நாலு மூலைக்கு மட்டும் பொட்டுப் பொட்டாகக் கஞ்சி வைத்து, அது காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். மஞ்சளில் அவள் விரல் ரேகை தெரிகிறது என்று நான் எப்போதோ சொல்லியிருந்தேனாம். அதனால் அவர் கவலையெல்லாம் மூலையிலேயே இருந்திருக்கிறது. பால் பாயின்ட் மைக்கும் ஸ்பிரிட் ஆகாது என்பது அவருடைய கணக்கில் இல்லவே இல்லை. அதுவரை அவர் கைக்கு வந்த கையெழுத்தெல்லாம் மைப் பேனா எழுத்துதான். வார்னிஷைப் பற்றி ஒன்றும் தெரியாதவராக இருந்திருந்தால் அந்தக் காகிதத்தைத் தொட்டிருக்கவே மாட்டார்.

"அந்தப் பேனாவ வாங்கிக் குடுத்ததே நீங்கதானே" என்றேன்.

"ஆமா" என்றார்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் நான் அவரிடம் பேசவில்லை. சோறு போடுவேன், தண்ணீர் வைப்பேன், எதுவும் பேச மாட்டேன். அவரும் சமாதானம் சொல்ல வரவில்லை. வந்திருந்தால் இன்னும் ஜாஸ்தியாகத்தான் கோபம் வந்திருக்கும். கார்த்திகை வந்தது, தீபத்துக்கு ஊரே கூடியது. ஈரக் காற்றில் கடையில் போட்ட பூச்செல்லாம் வெள்ளையாகப் பூத்துப்போய், அத்தனை படத்தையும் மறுபடி செய்ய வேண்டியதாகி, இவருக்குக் கைவிரல் முழுக்க வெடித்துவிட்டது. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவரால் சோற்றைப் பிசைய முடியவில்லை. நான்தான் பிசைந்து கொடுத்தேன். "காரம் போதுமா?" என்று கேட்டேன். அப்படித்தான் மறுபடி பேச ஆரம்பித்தோம். பத்திரிகையைப் பற்றி மட்டும் இருவரும் பேசவில்லை. அது என் பழைய புடவை ஒன்றில் சுற்றி டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது.

எங்கள் வீட்டில் அதற்கப்புறம் எந்தக் காகிதத்துக்கும் அவர் பூச்சு போடவில்லை. பிள்ளைகளின் மார்க் ஷீட் மழையில் நனைந்தபோதுகூட, வெயிலில் காயவைத்துக் கொடுத்தாரே தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை. எண்பதுகளில் கடைக்கு லாமினேஷன் மெஷின் வந்தது. பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்துச் சூட்டில் ஒட்டுகிற வேலை. அதில் ஸ்பிரிட்டும் இல்லை, பிரஷ்ஷும் இல்லை. ஆனாலும் சர்டிபிகேட்டோடு வருகிற ஒவ்வொருவரிடமும், "இதுல பால் பாயின்ட்ல எழுதினது எதனா இருக்கா?" என்று கேட்பார். "இருந்தா இன்னாங்க?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்" என்று மெஷினில் விடுவார். ஒருநாள் சாப்பாடு கொண்டுபோன நான் இதைக் காதால் கேட்டேன். தூக்குப் பாத்திரத்தை அங்கேயே வைத்துவிட்டு, அவர் பார்ப்பதற்குள் திரும்பி வந்துவிட்டேன்.

எண்பதுகள் முடிகிற சமயத்தில் வேங்கிக்காலில் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு போனோம். அங்கே போன பிறகுதான் எனக்குச் சாயங்கால வெயில் என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. டவுனில் எங்கள் தெருவுக்கு மேற்கே மலை. நாலு மணி தாண்டினால் சூரியன் அதன் பின்னால் போய்விடும். வேங்கிக்காலில் மலை ஒதுங்கி நிற்கிறது. ஐந்து ஐந்தரைக்கு மேற்கு ஜன்னல் வழியாகத் தாழ்ந்த வெயில் உள்ளே வந்து, பக்கத்துச் சுவரை உரசிக்கொண்டு போகும்.

சாமான்களை எடுத்துவைக்கும்போது அந்தப் புடவைப் பொட்டலம் வெளியே வந்திருந்தது. ஒருநாள் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தால், இவர் ஜன்னலோரம் நின்று பத்திரிகையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் புடவையில் சுற்றிவிட்டார். மறுநாளும் அதே நேரம், அதே இடம். மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருடம் அடக்கிவைத்தது எல்லாம் ஒன்றாக வந்தது.

"பிரஷ் கோடு விழுந்திருக்கானு பாக்குறீங்களா? நல்லா அடிச்சிருக்கீங்க, ஒரு கோடு இல்ல. எடுத்து வைங்க."

அவர் வைக்கவில்லை. "ஒரு வார்த்த தெரியுது" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"மைதான் போச்சு. அவ அழுத்தின தடம் போகல. நான் ஒட்டும்போது மத்ததெல்லாம் அமுங்கிடுச்சு. ஒண்ணு மட்டும் நிக்குது. உனக்குக் காட்டலாமா வேணாமானு மூணு நாளா யோசிக்கிறேன்."

"எந்த வார்த்த?"

"அத்தன பொட்டலம் பிரிச்சுப் பிரிச்சுத் தேடினவளாச்சே நீ" என்று மட்டும் சொன்னார். பத்திரிகையை என் கையில் கொடுத்து, என் மணிக்கட்டைப் பிடித்து, வெயில் உரசிக்கொண்டு போகிற மாதிரி மெதுவாகச் சாய்த்தார். நீல மேகம் மங்கி வெறும் பளபளப்பாயிற்று. அதன் வலது ஓரத்தில், நகத்தால் கீறினது போல, மூன்று எழுத்து நிழல் கட்டி எழுந்தது. கீழே இரண்டு கோடு.

தேடாதே.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் செத்த அன்று அழுத மாதிரி அழுதேன். இவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். சர்க்கரை, கார்டு, பச்சைத் தாவணி எதுவும் இல்லை. அத்தனை வார்த்தைகளில் அது ஒன்றைத்தான் எனக்கென்று விட்டுவைத்திருந்தாள். வெயில் சுவரை விட்டு இறங்கியதும் அதுவும் மறைந்துவிட்டது.

மறுநாள் இவர் பத்திரிகைக்குச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார். கையில் சுத்தியலோடு ஆணி எங்கே அடிக்கட்டும் என்று கேட்டார். ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரைக் காட்டினேன்.

வருடத்தில் சில மாதம்தான் வெயில் அந்த இடத்துக்குச் சரியாக வந்து விழும். அந்த மாதங்களில் ஐந்தரை ஆவதற்குள் அடுப்பை அணைத்துவிட்டுக் காபியோடு வந்து எதிரே உட்கார்ந்துவிடுவேன். இன்றைக்கும் அப்படித்தான். தேடாதே என்று எழுதியிருக்கிறாள். அவள் சொன்ன பேச்சை நான் என்றைக்குக் கேட்டிருக்கிறேன்.